பொழுதை யார் வைத்தது?

அன்புள்ள ஐயா,

பாம்பனில் மாலை வேளைகளில் மீனவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 'வை' என்று பொருள் எழுதிப்போட்டேன். 'சன் செட்ஸ்' என்று பாடத்தில் வந்ததும், "பொழுத யாரு டீச்சர் வைக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அகராதியிலோ பொருள்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வாசகி, பாம்பன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையன் கேட்டது நல்ல இலக்கணக் கேள்வி. அவனிடம் அதைச் சொல்லுங்கள். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவே இந்த வினைக்குத்தான்; 430-க்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமை. வேரைக் காட்டிவிட்டால் பெரும்பாலான பொருள்களைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

உட்காருவதைக் குறிக்கும் 'சிட்' என்ற தன்வினைக்குப் பிறவினையாகப் பிறந்ததே 'செட்'. நம் மொழியில் அமர் என்பதிலிருந்து அமர்த்து என்பதும், இரு என்பதிலிருந்து இருத்து என்பதும் வருவதைப் போன்றது இது. ஆகவே 'வை' என்று நீங்கள் எழுதியது பிழையன்று. ஆனால் 'உட்காரவை' என்று தொடங்கியிருந்தால் அந்தப் பையனுக்கு வழி கிடைத்திருக்கும். பொழுதை யாரும் வைக்கவில்லை, அது தானே போய் அமர்கிறது. பிறவினையாகப் பிறந்த சொல் இங்கே தன்வினையாகவும் வழங்குகிறது. மாலையில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய், மண்டபத்துப் பக்கம் பொழுது இறங்குவதைக் காட்டிச் சொல்லுங்கள். கோழி அடைகிறது என்கிற நாம் பொழுதும் அடைகிறது என்றுதானே சொல்கிறோம்!

அடுத்து, இறுகுதல். சாயல்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். அதுவரை தளும்பிக்கொண்டிருந்த பாகு சற்று நேரத்தில் அசையாமல் இருந்த இடத்திலேயே கருப்பட்டியாக அமர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதுவும் 'செட்'. தயிர் உறைவதற்கும் சிமெண்ட் இறுகுவதற்கும் பூ பிஞ்சு பிடிப்பதற்கும் அவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அதை 'செட் இன்' என்பார்கள். வந்த மழை போகாமல் உட்கார்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முறிந்த எலும்பைப் பழைய இடத்தில் இருத்துவதும், மீன் வந்து படும்வரை வலையை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதும் இதே வினைதான்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று பிள்ளைகள் மலைத்தால், அவர்கள் வீட்டுப் பேச்சையே எடுத்துக்காட்டுங்கள். அம்மா குழம்பு வைக்கிறார், தம்பிக்குப் பெயர் வைக்கிறார்கள், குப்பைக்குத் தீ வைக்கிறார்கள், ஒருவன் கடன் வைத்துவிட்டுப் போகிறான், இன்னொருவன் எல்லோரையும் சிரிக்கவைக்கிறான். இவற்றில் எதற்கும் அவர்கள் அகராதியைப் புரட்டியதில்லை.

'செட் செய்ல்' என்பதை மட்டும் நிதானமாக நடத்துங்கள், ஏனெனில் அது உங்கள் பிள்ளைகளின் சொல். பாயைக் காற்றுக்கு ஏற்ப விரித்து இருத்துவதே அதன் முதற்பொருள். பாய் விரித்தால் வள்ளம் புறப்பட்டுவிடும் என்பதால் கடற்பயணம் தொடங்குவதையே அது குறிக்கலாயிற்று. பாயே இல்லாத எஞ்சின் கப்பலுக்கும் இன்று அப்படியே சொல்கிறார்கள். பாய் வைத்து ஓடிய காலத்தைப் பற்றித் தாத்தாமார்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை நம்மைவிட அவர்களால் நன்றாக நடத்த முடியும்.

புறப்படுவதைக் குறிக்கும் 'செட் ஆஃப்' போன்றவற்றை வேரிலிருந்து விளக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். அவற்றை முழுத் தொடராகவே பழக்குங்கள். 'பாத்திர செட்' என்னும்போது வருகிற பெயர்ச்சொல் வேறு வழியில் வந்தது. அது லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பின்னர் இந்த வினையோடு கலந்துபோயிற்று. அந்தப் பையன் அதையும் ஒருநாள் கேட்பான் என்று நினைக்கிறேன்.