பலகையைப் படித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். 22 வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஊரோடு வந்துவிட்டேன். கப்பலில் வேலை முடிந்து நாங்கள் கூடும் அறையில், சிறு அம்புகளை எறிந்து ஆடும் ஒரு டார்ட்ஸ் பலகை தொங்கும். பிலிப்பைன்ஸ்காரர்களும் நாங்களுமாக எறிந்து பொழுதைப் போக்குவோம். கடைசியாக இறங்கியபோது அப்படி ஒரு பலகை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். அதுவே இப்போது வினையாகிவிட்டது.

மகனுக்கு இருபது வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வயரிங் வேலைக்குப் போகிறான். மாலையில் வந்தால் இரவுச் சாப்பாடு வரை பலகையின் முன்னால்தான் நிற்கிறான். லூக் லிட்லர் என்ற இங்கிலாந்துப் பையன் பதினேழு வயதில் உலகச் சாம்பியன் ஆனதைச் செல்போனில் நூறு தடவையாவது பார்த்திருப்பான். என் மச்சினன் சவூதிக்கு விசா பார்த்து வைத்திருக்கிறார். போக மாட்டேன், டார்ட்ஸ் வீரன் ஆகப்போகிறேன் என்கிறான். கோவில் திருவிழாவில் பலூன் சுடுவது போன்ற விளையாட்டுக்காகச் சம்பளத்தை விடுவதா என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அது சாராயக்கடை விளையாட்டு என்று யாரோ சொன்னதிலிருந்து அவன் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். மகளும் சேர்ந்து எறிவாள், சில நாள் அவனை ஜெயித்தும் விடுவாள். ஆனால் அவளுக்கு இந்தப் பைத்தியம் இல்லை.

இது ஒரு தொழிலா ஐயா? இதை நம்பி ஒருவன் குடும்பம் நடத்த முடியுமா? நான் அவனிடம் என்ன சொல்லட்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

இது தொழில்தான். அதில் உங்கள் உறவினர்களுக்குச் சந்தேகம் வேண்டாம். 2025 ஜனவரி 3 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் லிட்லர் மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று வென்றபோது கிடைத்த பரிசு ஐந்து லட்சம் பவுண்டு. நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல். உங்கள் மகன் நூறு தடவை பார்த்தது இந்தக் காட்சியைத்தான். அவன் பார்க்காத பகுதியை நான் எழுதுகிறேன்.

அந்த உலகில் முழுநேரத் தொடரில் ஆட உரிமை பெற்றவர்கள் 128 பேர். 'டூர் கார்டு' என்று அதற்குப் பெயர். ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் தகுதிப் போட்டியில் நூற்றுக்கணக்கானவர்கள் மோதுவார்கள், சிலருக்குத்தான் கார்டு கிடைக்கும். அதன் ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் முதல் 64 இடங்களுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தரவரிசையைக் கணக்கிடுவதோ பரிசுப் பணத்தை வைத்துத்தான். கடைசி இரண்டு ஆண்டில் எவ்வளவு சம்பாதித்தாய் என்பதே உன் இடம். இரண்டு ஆண்டுக்கு முன் வென்ற தொகை கணக்கிலிருந்து கழன்று விழும், எனவே பெரிய வெற்றி பெற்றவருக்கும் நிம்மதி கிடையாது. ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட போட்டிகள் பார்வையாளர்கள் இல்லாத கூடங்களில் நடக்கின்றன. விமானம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் ஆட்டக்காரரின் சொந்தச் செலவு. முதல் சுற்றில் தோற்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், நெடுங்காலம் அவர்களுக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை.

மேடை வெளிச்சமும் கூச்சலும் அந்த வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதி. மிச்சமெல்லாம் ஒரு மனிதன், ஒரு பலகை, மூன்று அம்புகள்.

கப்பலில் நீங்கள் எப்படி ஆடினீர்களோ தெரியவில்லை, முறையான ஆட்டம் இப்படி. இருவரும் 501-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும், அதுவும் கடைசி அம்பு, எண்ணை இரண்டு மடங்காக்கும் வெளிவிளிம்பு இரட்டை வளையத்தில் விழுந்தாக வேண்டும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு நெல்மணியின் நீளம். எறிபவர் நிற்பது 2.37 மீட்டர் தள்ளி. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மாட்டியிருப்பதை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளவு தவறியிருந்தால் அவன் இத்தனை மாதம் எறிந்து பழகியது வேறொரு விளையாட்டு.

எண்களை அடுக்கியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. பெரியதற்கு ஆசைப்பட்டு நூலிழை தவறினால் ஒன்றோ ஐந்தோதான் மிஞ்சும். ஆட்டக்காரர்கள் பலர் கடைசியில் 32 மிச்சம் வைக்க விரும்புவார்கள். இரட்டை 16 அடித்தால் ஆட்டம் முடிந்தது. கொஞ்சம் உள்ளே தவறி வெறும் 16-இல் விழுந்தால் மிச்சம் 16, அதற்கு இரட்டை 8. அதிலும் தவறினால் 8, பிறகு 4, பிறகு 2. தவறிக்கொண்டே போனாலும் முடிப்பதற்கு வழி அடைபடாது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தவறுவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தவறினாலும் வழி இருக்கும்படி கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு உங்கள் மகனுக்கு விரல் நுனியில் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கம் அப்பா பாட்டத்துக்கு எடுத்திருந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஒரு முதியவர் வருவார். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே ஏறிவிடுவார். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறோர் ஆள் இரண்டு நாள் வெட்டினார். முதியவர் திரும்பி வந்ததும் கத்தியை எடுக்கவில்லை. மரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, வெட்டிய பட்டையின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "வெட்டியவனுக்கு அவசரம்" என்றார். கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொட்டிருந்தது. பிற்பாடு அந்த இடத்தில் மரம் முண்டு கட்டி வீங்கியது. வெட்டிய ஆளை அவர் பார்த்ததுகூட இல்லை. மரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மகன் வேலைக்குப் போயிருக்கும்போது பலகையின் அருகில் போய் நில்லுங்கள். கற்றாழை நாரை நெருக்கி அழுத்திச் செய்தது அது. அம்பைப் பிடுங்கியதும் நார் தானாகக் கூடிக்கொள்ளும். ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் குத்து விழுந்தால் நார் தளர்ந்து நுனி எழும்பிவிடும். விரலால் தடவினால் தெரியும். உள்வளையம் மட்டும், அதாவது மும்மடங்கு 20 இருக்கும் பகுதி மட்டும் தளர்ந்து, வெளிவளையம் புத்தம் புதிதாக இருந்தால், அவன் கைதட்டலுக்காக எறிகிறான். மூன்று அம்பும் அங்கே விழுந்து 180 எடுத்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும், ஆட்டத்தை முடிப்பது வெளிவளையம்தான். அங்கே நார் நைந்திருந்தால் உங்கள் மகன் உழைக்கிறான். எண் வளையத்தைக் கழற்றிப் பலகையைச் சுழற்றி மாட்டும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்திருந்தால் தேய்மானம் சுற்றிலும் பரவியிருக்கும். அதுவும் நல்ல அடையாளம், கருவியைப் பேணத் தெரிந்தவன்.

சவூதி பற்றி. அவன் போக வேண்டுமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் வயரிங் வேலையை விடவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் உலகச் சாம்பியன் ஆன ராப் கிராஸ் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், முழுநேர ஆட்டக்காரராகி ஓராண்டு முடியுமுன் கோப்பையைத் தூக்கினார். அன்று இறுதி ஆட்டத்தில் அவரிடம் 7-2 என்று தோற்றவர் பதினாறு முறை உலகப் பட்டம் வென்ற பில் டெய்லர். டெய்லரும் ஸ்டோக் நகரத்தில் பீங்கான் தொழிற்சாலையில் கூலிக்கு நின்றவர். இன்னொரு பழைய உலகச் சாம்பியன் ஜான் லோ தச்சர். கைத்தொழில் இவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை, தோற்ற மாதங்களில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

கைத்தொழில் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்வதற்கே மனம் கனக்கிறது. கைவந்த கலை என்று நாம் சொல்கிறோம். டார்ட்ஸில் அது கைவிட்டும் போகும். எரிக் பிரிஸ்டோ 1980-க்கும் 1986-க்கும் இடையே ஐந்து முறை உலகச் சாம்பியன். அதன்பின் ஒருநாள் அம்பு அவர் விரலை விட்டுப் போக மறுத்தது. கையை உயர்த்துவார், குறி வைப்பார், விரல் திறக்காது. உடம்பில் குறை ஒன்றும் இல்லை. 'டார்ட்டைட்டிஸ்' என்று அதற்கு அந்த வட்டாரத்தில் பெயர். அவர் தன் பணத்தைக் கொடுத்து வளர்த்துவிட்ட பில் டெய்லரே 1990 இறுதி ஆட்டத்தில் அவரை 6-1 என்று வென்றார். பிரிஸ்டோவுக்கு மறுபடி உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. இதை மகனிடம் மறைக்காதீர்கள். இருபது வயதில் கேட்டு வைப்பது நல்லது.

அவன் அம்மாவின் பயம் நியாயமானது. மதுக்கடைகளில் வளர்ந்த விளையாட்டுதான் இது. 1980-களில் மேடையிலேயே குடித்துக்கொண்டும் புகைத்துக்கொண்டும் ஆடினார்கள். பிறகு அதை நிறுத்தினார்கள். பார்க்க வருகிறவர்கள் இன்றும் குடிக்கிறார்கள், விளம்பரப் பணத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பங்கும் பெரியது. ஆட்டம் மட்டும் சூதல்ல. 8 மில்லிமீட்டரை அதிர்ஷ்டத்தால் மாதக்கணக்கில் அடிக்க முடியாது.

இங்கிலாந்துக்கு அனுப்பி வைக்கிறேன், இத்தனை லட்சம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். விசா ஏஜெண்டிடம் நகையைக் கொடுத்து இழந்த வீடுகள் நம் மாவட்டத்தில் குறைவில்லை, எங்கள் குடும்பத்திலேயே ஒன்று உண்டு. முதலில் நம் நாட்டுப் போட்டிகளில் ஆடட்டும். உலகப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து தகுதிப் போட்டி வழியாகவே ஆள் எடுத்திருக்கிறார்கள். நிதின் குமார் அப்படித்தான் அலெக்சாண்ட்ரா அரண்மனை மேடையில் ஆடினார். சிங்கப்பூரில் பிறந்த பால் லிம் 1990-இல் உலகப் போட்டியில் ஒன்பதே அம்பில் 501-ஐ முடித்துக் காட்டினார். உலகப் போட்டியில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அதற்குக் கிடைத்த 52,000 பவுண்டு, அந்த ஆண்டுச் சாம்பியனின் பரிசைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கடைசியாக, நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். மகள் சில நாள் அவனை ஜெயித்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாலை முழுதும் பயிற்சி செய்கிறவனை, பொழுதுபோக்காக எறிகிற பெண் ஜெயிக்கிறாள். இதில் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே பலகையின் முன் ஒரே தூரத்தில் நின்று மோதலாம். 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் என்ற பெண் அதே லண்டன் மேடையில் இரண்டு ஆண்களை அடுத்தடுத்து வீழ்த்தினார். முடிதிருத்தும் வேலை செய்தவர், ஒரு குழந்தையின் தாய். அதற்கு முன் அந்தப் போட்டியில் எந்தப் பெண்ணும் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. மகளுக்குப் பைத்தியம் இல்லை என்கிறீர்கள். அவளிடம் யாராவது கேட்டீர்களா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் இரட்டை 16-க்கு நூறு அம்பு. எத்தனை விழுந்தது என்று எறிந்தவரே எழுத வேண்டும், விழாத நாளிலும் எழுத வேண்டும். இடப்பக்கம் மகனுக்கு, வலப்பக்கம் மகளுக்கு. நோட்டு நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள். குளச்சலுக்கு நானே பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.