எலக்ட்ரிக் பழகிய கைக்கு எந்த அக்கூஸ்டிக்?

கேள்வி: சில வருடங்களாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஆலயப் பாடகர் குழுவில் இப்போது அக்கூஸ்டிக்தான் வேண்டும் என்கிறார்கள். நண்பரின் கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பாட்டு முடிவதற்குள் விரல் கடுக்கிறது, எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்துவது) தெளிவாக விழவே இல்லை. எலக்ட்ரிக் மாதிரி கைக்கு இணங்கும் அக்கூஸ்டிக் உண்டா?
– வாசகர், கருங்கல்

பதில்: உண்டு. ஆனால் மாடல் பெயரைத் தேடும் முன், உங்கள் கை எதனால் சோர்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் காரணம் தந்தி. எலக்ட்ரிக்கில் 9–42 அல்லது 10–46 செட் இருக்கும் (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அக்கூஸ்டிக் பெரும்பாலும் 12–53 செட்டுடன்தான் கடைக்கு வருகிறது. 10–46 செட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 47 கிலோ. 12–53 செட்டில் அது 73 கிலோவை நெருங்கும். போதாததற்கு மூன்றாம் தந்தி எலக்ட்ரிக்கில் வெறும் கம்பி, அக்கூஸ்டிக்கில் சுற்றுக் கம்பி. தந்தியை வளைத்துச் சுருதி ஏற்றும் பெண்ட் வராமல் போவது அதனால்தான். இரண்டாவது காரணம் ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் தந்தி நிற்கும் உயரம். இந்த இரண்டையும் கிட்டாரை வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை நெக்கின் அகலமும் வளைவும், ஸ்கேல் நீளம் (தந்தியின் அதிரும் நீளம்), பாடியின் தடிமன். கடையில் உங்கள் கவனம் முழுவதும் இவற்றில் இருக்கட்டும்.

பாடியில் தொடங்குங்கள். டிரெட்நாட் என்ற பெரிய பாடி வகை கிட்டார் 100 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ளது. எலக்ட்ரிக் சுமார் 45 மி.மீ.தான். தடித்த பாடியின் மேல் கை போடும்போது தோள் உயர்கிறது, பிக் பிடிக்கும் மணிக்கட்டின் கோணமும் மாறிவிடுகிறது. மெல்லிய பாடியும் கட்-அவேயும் (மேல் ஃப்ரெட்டுகளை எட்டப் பாடியில் விட்ட வெட்டு) உள்ள மாடல்களைப் பாருங்கள். யமஹா ஏபிஎக்ஸ்600 நல்ல உதாரணம்: தடிமன் 80–90 மி.மீ., ஸ்கேல் 634 மி.மீ., நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் பட்டை) அகலம் 43 மி.மீ. அதே நிறுவனத்தின் எஃப்ஜி800 மாடலுக்கு ஸ்கேல் 650 மி.மீ. அந்த 16 மி.மீ. குறைவதால், ஒரே தந்தி, ஒரே சுருதி என்றாலும் இழுவிசை சுமார் 5 சதவீதம் தளர்கிறது. நட் 42–43 மி.மீ. இருந்தால் எலக்ட்ரிக் பழகிய விரலுக்கு அந்நியமாகத் தெரியாது. 44.5 மி.மீ. விரலால் மீட்டுபவர்களுக்கு ஏற்றது. பார் கார்டுக்குக் கை கூடுதலாக நீள வேண்டியிருக்கும்.

மெல்லிய பாடியில் ஒரு குறை உண்டு. பிளக் போடாமல் வாசித்தால் அடித்தொனி குறைவாகவே வரும். ஆலயத்தில் மிக்சரில் இணைத்து வாசிப்பீர்கள் என்றால் கவலை வேண்டாம். பெரிய பாடியைவிட ஃபீட்பேக்கும் குறையும். மைக் இல்லாமல் வீட்டு ஜெபக்கூட்டங்களில்தான் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் யமஹா எஃப்எஸ்800 போன்ற நடுத்தர பாடியை எடுங்கள். அதற்கும் ஸ்கேல் 634 மி.மீ.தான்.

எலக்ட்ரிக்குக்கு மிக நெருக்கமானவை 2005இல் வந்த டெய்லர் டி5, 2019இல் வந்த ஃபெண்டர் அக்கூஸ்டாசோனிக் போன்ற கலப்பு வகைகள். விலை பொதுவாக லட்சத்தைத் தாண்டும், பிளக் போடாவிட்டால் ஒலியும் சன்னம். பாடகர் குழுவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, எந்தக் கடைக்குப் போனாலும் அளக்க ஒரு ஸ்டீல் ஸ்கேலும், கேப்போவும் (நெக்கில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) கொண்டுபோங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஆறாம் தந்தி (மிகத் தடித்தது) 2.5 முதல் 2.8 மி.மீ. உயரத்தில் நிற்பது சாதாரணம், அதைக் குறைத்துவிடலாம். ஆனால் சேடில் (பாடிப் பக்கம் தந்திகள் தங்கும் பட்டை) அது பொருந்தியிருக்கும் பிரிட்ஜுக்கு மேல் குறைந்தது 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆக்‌ஷன் 3.5 மி.மீ. இருந்து, சேடிலும் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம். 12ஆம் ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. இறக்க சேடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்க்க இடமில்லையென்றால் நெக் கோணமே தவறு என்று பொருள். மலிவான கிட்டாரில் அதைச் சரிசெய்யும் செலவு அதன் விலையையே தாண்டிவிடும்.

அடுத்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஒரு பார் கார்டு பிடியுங்கள். திடீரென்று எளிதாகிவிட்டால் குற்றவாளி நட். அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன. நட் ஃபைல் வைத்திருக்கும் டெக்னீஷியன் சரிசெய்துவிடுவார். நீங்களே ரம்பத்தால் முயலாதீர்கள். ஒரு பள்ளம் அதிகம் ஆழமானால் திறந்த தந்தி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும்.

வாங்கிய பின் செட்டப் வரிசை முக்கியம். முதலில் 11–52 அல்லது 10–47 தந்தி மாட்டுங்கள். இழுவிசை குறைந்ததும் நெக் சற்று நிமிரும், அதனால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) அதற்குப் பிறகே தொட வேண்டும். ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் அழுத்தி, 7ஆம் ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள், 0.15 முதல் 0.2 மி.மீ. போதும். பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜே இதற்குப் பயன்படும். இடைவெளி கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலஞ்சுழியாக ஒரு நேரத்தில் கால் சுற்று திருப்பி, மீண்டும் ட்யூன் செய்து பாருங்கள். முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சேடில் கடைசி வேலை. ஆறாம் தந்திக்கு 2.0–2.2, முதல் தந்திக்கு 1.5–1.7 மி.மீ. இலக்கு. ஆறாம் தந்தியையும் எலக்ட்ரிக் போல 1.5 மி.மீ. வரை இறக்க நினைத்தால் ஸ்ட்ரம் செய்யும்போது தந்தி ஃப்ரெட்டில் மோதும். சேடிலின் அடிப்பக்கத்தை மட்டும், கண்ணாடி மேல் விரித்த 220 எண் உப்புத்தாளில் சமமாகத் தேய்க்க வேண்டும். அடிப்பக்கம் சாய்ந்தால் கீழே உள்ள பீசோ பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பட்டை) ஒரு தந்தி மட்டும் மங்கிக் கேட்கும். பழைய சேடிலைத் தேய்க்காமல் பத்திரமாக வைத்து, புதிதாக ஒன்று வாங்கித் தேய்ப்பதே நல்லது.

பழைய சேடிலை வைத்துக்கொள்ள நம் குமரி மாவட்டத்தில் தனிக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இங்கே மழை தருகின்றன. ஈரத்தில் மேற்பலகை உப்பி, பிரிட்ஜ் உயர்ந்து, ஆக்‌ஷன் கூடும். ஐப்பசி மழையில் சேடிலைத் தேய்த்தால், மாசியில் பலகை வற்றியதும் தந்தி இரையத் தொடங்கும். காய்ந்த மாதங்களில் செட்டப் செய்யுங்கள், அல்லது மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரண்டு சேடில் வைத்துக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பூச்சு பூசிய தந்தி வாங்கி, வாசித்ததும் துடைத்து, பெட்டியில் மூடி வையுங்கள்.

எலக்ட்ரிக் செட்டையே அக்கூஸ்டிக்கில் மாட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. மாட்டினால் கிட்டாருக்குக் கேடில்லை, ஆனால் ஒலி உயிரிழக்கும். சேடில் சுற்றுக் கம்பிக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் வெறும் மூன்றாம் தந்தி ஃப்ரெட் ஏற ஏற சுருதி கூடி நிற்கும். அதைவிட 11–52 மாட்டி, அரை சுரம் கீழே ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். இழுவிசை 11 சதவீதம் குறையும், பாட்டின் சுருதியும் மாறாது.

உங்களுக்கு என் தேர்வு ஏபிஎக்ஸ்600, அதில் முதலில் 10–47 தந்தி. வேகமாக ஸ்ட்ரம் செய்யும்போது மட்டும் ஆறாம் தந்தி இரைந்தால் கிட்டாரில் பழுதில்லை, மெல்லிய தந்தி அகலமாக அதிர்கிறது; 11–52க்கு மாறினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.