மான் உரிக்க எந்தக் கத்தி? எஃகும் பிடியும்

கனடாவில் உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர், மடக்காத கத்தியில் எஃகையும் பிடியையும் எப்படித் தேர்வது என்று கேட்டிருக்கிறார்.

கத்தியின் அலகு, அதாவது பிடிக்கு வெளியே உள்ள தகடு, 9 முதல் 10 செ.மீ. நீளம் போதும். வயிற்றைக் கீறும்போது கத்தி முதுகில் வைத்த ஆள்காட்டி விரல் நுனிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அலகு நீண்டால் நுனி கட்டுப்படாது. குடல் கிழிந்து இறைச்சி கெடும்.

எஃகில்தான் பலர் தவறுகிறார்கள். 1095 கார்பன் எஃகுக்குச் சட்டென்று கூர் ஏறும், ஆனால் இரத்தத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு. டி2 என்ற எஃகு வகையில் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 12 சதவீதம். கூர் நெடுநேரம் நிற்கும். ஆனால் மூட்டில் விட்டு நெம்பினால் வெட்டும் விளிம்பில் சில்லு பெயரும், சாதாரணத் தீட்டுக்கல்லில் அதைத் தேய்த்தெடுப்பது பெரும்பாடு. முதல் கத்திக்கு 420எச்.சி. அல்லது 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகு வகையில் வாங்குங்கள், கடினம் ராக்வெல் (எஃகின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 56-58 அளவில். காட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

பிடிக்கு மைகார்ட்டா. துணி அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்வது; மெருகேற்றாததாக இருந்தால் கொழுப்புக் கையிலும் வழுக்காது. எஃகு பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். மான்கொம்பு அழகுதான், வறண்டால் வெடிக்கும்.

வேட்டைக்காலம் முடிந்ததும் தோலுறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து எஃகை அரிக்கும்.