புரோட்டான் கணக்கு உதைக்கிறதே?

கேள்வி: காட்ஃப்ரீட் கூட்டல் விதிப்படி (புரோட்டான், நியூட்ரான் சிதறல் அளவுகளின் வித்தியாசத்தைக் கூட்டிப் பார்க்கும் விதி) 1/3 வர வேண்டும், ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னின் சிதறல் சோதனையில் 0.24 தான் வந்தது என்று படித்தேன். அப்படியானால் குவார்க் கோட்பாடே தவறுதானே?

பதில்: இல்லை. அந்த 1/3 எப்படி வந்தது என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புரோட்டானில் இரண்டு அப் குவார்க் (மின்னூட்டம் 2/3), ஒரு டவுன் குவார்க் (மின்னூட்டம் -1/3). மின்னூட்டங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4/9 + 4/9 + 1/9, அதாவது 1. நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன், ஆகவே 2/3. கழித்தால் 1/3. ஆனால் இந்த மூன்றைத் தவிர உள்ளே குவார்க், எதிர்க்குவார்க் ஜோடிகளும் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன, கழிக்கும்போது அவை அடிபட்டுப்போகும் என்று சத்தமில்லாமல் ஒரு ஊகத்தையும் சேர்த்துக்கொண்டோம். புரோட்டானுக்குள் எதிர்-அப்பும் எதிர்-டவுனும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். சமமாக இருக்க வேண்டும் என்று குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையின் கோட்பாடான குவாண்டம் நிறவியக்கவியல் எங்கும் சொல்லவில்லை.

1991-ல் செர்னின் என்எம்சி குழு ஹைட்ரஜன் (கருவில் புரோட்டான் மட்டும்), டியூட்டீரியம் (புரோட்டானும் நியூட்ரானும்) இலக்குகளில், எலக்ட்ரானின் கனமான உறவான மியூவான்களைச் சிதறடித்துக் கண்டது 0.240, பிழை 0.016. உடைந்தது அந்த ஊகம்தான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கூட்ட வேண்டியது எக்ஸ், அதாவது புரோட்டானின் உந்தத்தில் ஒரு குவார்க் சுமக்கும் பங்கு, 0 முதல் 1 வரை, அளந்ததோ 0.004 முதல் 0.8 வரை. மிச்சத்தை நீட்டித்தான் மதிப்பிட்டார்கள். எந்தக் கூட்டல் விதிச் சோதனையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த எல்லைகளைத்தான், ஏனென்றால் குறைகிற பங்கு அளக்காத மூலையில் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் ஈ866 சோதனை எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது: கூட்டலே இல்லாமல், புரோட்டான் மோதல்களில் பிறந்த மியூவான் ஜோடிகளை எண்ணி, எதிர்-டவுன்தான் அதிகம் என்று 1998-ல் நேரடியாகக் காட்டியது.

அப்புறம், எல்லா விதிகளும் ஒரே ரகம் இல்லை. குவார்க்குகளை எண்ணும் கிராஸ், லெவலின் ஸ்மித் விதியில் 3 வர வேண்டிய இடத்தில் நியூட்ரினோ சிதறல் சுமார் 2.5 தந்தது, ஆனால் வலுவிசைத் திருத்தத்தைச் சேர்த்தால் அது எதிர்பார்த்த எண்தான். புரோட்டான், நியூட்ரான் சுழற்சியைப் பற்றிய பியோர்கன் விதி இன்னும் கெட்டியானது, அதில் இப்படிப்பட்ட ஊகம் இல்லை. அது உடைந்திருந்தால் உங்கள் கேள்விக்கு நானும் ஆமாம் என்றே சொல்லியிருப்பேன். அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகம், செர்ன் ஆகிய இரண்டின் தரவுகளுமே, திருத்தங்களோடு சேர்த்துப் பார்த்தால், அதனுடன் ஒத்துப்போகின்றன.