விஸ்லர் பிளாக்கோம்பில் ஒரே நாளில் எத்தனை வகைச் சரிவுகளில் சறுக்க முடியும்?

கேள்வி கேட்டவர் மூன்று பருவங்களாகச் சிறிய மலைகளில் பனிச்சறுக்குப் பழகியவர். முதன்முறையாக ஒரு பெரிய மலைக்குச் செல்லவிருப்பதால், அங்கு ஒரு நாளை எப்படிச் செலவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கனடாவின் வான்கூவரில் வசிக்கும் நான், அந்நாட்டின் பெரிய பனிச்சறுக்கு மலையான விஸ்லர் பிளாக்கோம்புக்கு ஆறு பருவங்களாகச் சென்று வருகிறேன். சென்ற பிப்ரவரி இறுதியில் அங்கு கழித்த ஒரு நாளை விவரிப்பதே இதற்குச் சரியான பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். விஸ்லர், பிளாக்கோம்ப் என்ற இரண்டு மலைகளும் சேர்ந்து 8,000 ஏக்கருக்கும் மேல். பெயரிடப்பட்ட தடங்கள் 200-ஐத் தாண்டும். அடிவாரத்திலுள்ள ஊர் சுமார் 675 மீட்டர் உயரத்திலும், லிஃப்ட் (சறுக்குவோரை மேலேற்றும் கம்பிவட நாற்காலி) சென்றடையும் மேற்பகுதி 2,200 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், கீழே மழை தூறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே உலர்ந்த பனி கொட்டுவது அங்கு வாடிக்கை. நாங்கள் சென்ற அன்றும் கீழே ஒரு வானிலை, மேலே வேறொன்று என்றுதான் இருந்தது. ஊரில் நனைந்த கையுறையோடு கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறினோம். பாதி வழியில் மேகத்துக்குள் புகுந்து, மேலே இறங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

காலை முதல் இரண்டு இறக்கங்களை எமரால்டு லிஃப்ட்டின் கீழுள்ள, இரவில் வண்டி ஓட்டிச் சமன்செய்த தடங்களில் வைத்துக்கொண்டோம். அந்தப் பரப்பில் கோடு கோடாக, வரித்துணி விரித்தாற்போல ஒரு வடிவம் இருக்கும். காலில் மாட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீயைச் சற்றே சாய்த்து விளிம்பில் நின்றால் போதும், அதன் பக்கவாட்டு வளைவே நம்மைத் திருப்பிவிடும். அப்போது எழும் சீரான கிழிசல் ஓசை கேட்கும்வரை நான் வேறு சரிவுக்குப் போவதில்லை. அந்த ஓசை கரகரவென்று உரசலாக மாறினால், அடியில் இருப்பது பனிக்கட்டி, அல்லது என் எடை பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஹார்மனி லிஃப்ட் பக்கம் கடினமானது என்பதைக் காட்டும் கறுப்பு வைரக் குறியிட்ட ஒரு சரிவில் இறங்கினோம். அது மேடும் பள்ளமுமாக, மோகல் எனப்படும் திட்டுகளால் நிரம்பியிருந்தது. இவற்றை யாரும் செய்துவைப்பதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிப் பனியை ஒதுக்குவதால் பள்ளம் ஆழமாகி, ஒதுங்கிய பனி மேடாகிறது. சமன்செய்த தடத்தில் உதவிய நீண்ட வளைவு இங்கு செல்லாது. முழங்கால் மடங்கி மேட்டை வாங்கிக்கொள்ள, பள்ளத்தில் கால் மீண்டும் நீள, மேலுடல் மட்டும் கீழ்ச்சரிவையே நோக்கி அசையாமல் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு திருப்பங்களிலேயே தொடை எரியத் தொடங்கிவிடுவதால், இத்தகைய சரிவுகளைப் பகல் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அங்கிருந்து சிம்ஃபனி பக்கம் சென்றோம். அன்றைய நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். திறந்த கிண்ணம் போன்ற சரிவு கீழே இறங்க இறங்க, தனித்தனியாக நிற்கும் மரங்களுக்குள் நுழைகிறது. "மரத்தைப் பார்க்காதீர்கள், மரங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளையைப் பாருங்கள்" என்று எனக்குப் பயிற்சி தந்தவர் சொன்னதை அங்கு ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். கண் எதில் நிற்கிறதோ உடல் அதை நோக்கியே போகிறது என்பது உண்மை. மரத்தின் அடியைச் சுற்றி, கிளைகள் மறைப்பதால் பனி இறுகாமல் பொதபொதவென்று ஒரு குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தாமே வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறக்கவும் கூடும். ஆகவே மரங்களுக்குள் தனியாகப் போகாதீர்கள். நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்க்கும் தொலைவிலேயே இறங்கினோம். கழுத்தில் ஊதலும் இருந்தது. மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிப்போகும் நாட்களில் மரங்கள் வளரும் உயரத்துக்கு மேலே வானும் தரையும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாது. அப்போது மரங்கள்தாம் கண்ணுக்கு அளவுகோல் தருகின்றன. அன்று அந்தத் தேவை எழவில்லை.

உணவுக்குப் பின் பீக் டு பீக் கொண்டோலாவில் பிளாக்கோம்புக்குக் கடந்தோம். 2008-இல் திறக்கப்பட்ட இது 4.4 கிலோமீட்டர் தூரத்தைப் பதினொரு நிமிடங்களில் கடக்கிறது. பள்ளத்தாக்கின் ஆழமான இடத்தில் தரையிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் தொங்குகிறோம். கண்ணாடித் தரை கொண்ட பெட்டி வர வேண்டுமென்று காத்திருப்பவர்கள் உண்டு. சறுக்க வந்தவர் அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

செவன்த் ஹெவன் பகுதியைப் பிற்பகலுக்கு ஒதுக்கியதற்குக் காரணம் வெயில். காலையில் இரவுக்குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, சூரியன் பட்ட பிறகு மேல் விரல்கடை அளவு இளகி, விளிம்பு எளிதாகப் பிடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதன் பின் ஷோகேஸ் டி-பாரில் (ஸ்கீயோடு நிற்பவரை மேலே இழுத்துச் செல்லும் கம்பி) ஏறி, ஸ்கீயைத் தோளில் சுமந்து சிறிது தூரம் நடந்து மேட்டைக் கடந்தபோது பிளாக்கோம்ப் பனியாறு விரிந்தது. வரைபடத்தில் அது நீலச் சதுரம்தான், அதாவது நடுத்தரக் கடினம். ஆனால் இந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்பட்டவை. உங்கள் சிறிய மலையின் நீலத்தை வைத்து இதை அளக்காதீர்கள். சமன்செய்யப்படாத பரப்பு, காற்று அடித்துக் கெட்டியாக்கிய மேலோடு, இடையிடையே முழங்கால் வரை மென்பனி என்று ஒரே இறக்கத்தில் மூன்று விதமாகக் கால் வைக்க வேண்டியிருந்தது. இருபுறமும் பாறைச் சுவர், எங்கள் இருவரைத் தவிர ஆளரவமில்லை. நான் நடுவில் நின்று சிறிது நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான விடை: மலை முழுவதையும் ஒரு நாளில் பார்க்க முடியாது, ஆனால் வகைக்கு ஒன்றாக நான்கைந்து சரிவுகளை நிறைவாக இறங்கலாம். வரைபடத்தை வைத்து வரிசையைத் தீர்மானிக்காமல், வெயில் எங்கே எப்போது விழுகிறது, தொடையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத் தீர்மானியுங்கள். கடைசியாக ஊருக்கு இறங்கும் தடத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் களைத்துத் திரும்பும் நெரிசலும் ஈரப்பனியும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் அன்று அதைத் தவிர்த்து, கொண்டோலாவிலேயே இறங்கினோம். மேகத்தைக் கடந்து கீழே வந்தபோது ஊரில் மழை இன்னும் விட்டிருக்கவில்லை.