விண்டோஸ் 7 கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடும்போது ‘எர்ரர் 5’ என்று பாதியில் நின்றுவிட்டது, இப்போது விண்டோஸும் வரவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் கணினியை அணைத்து வையுங்கள். இன்னொரு முறை இன்ஸ்டால் செய்து பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அப்பாவின் பச்சைத் தேயிலைக் கணக்கு முழுக்க எக்செல் கோப்புகளாக அதே டிஸ்க்கில் இருக்கிறது, வேறு நகல் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். லினக்ஸ் ஏறுமா என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தக் கணக்கு வெளியே வந்தாக வேண்டும்.

நீங்கள் சொன்னவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். கோத்தகிரியில் வீடு. 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள டெஸ்க்டாப். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள். கோப்புகளை நகலெடுக்கும்போது ‘இன்புட் அவுட்புட் எர்ரர், எர்னோ 5’ வந்து நின்றது. அதன்பின் விண்டோஸைத் திறந்தால் டிஸ்க் செக் ஓட ஆரம்பித்து ஒரே இடத்தில் நிற்கிறது. ஆன் செய்யும் போதெல்லாம் தேதி 2010 என்று வருகிறது.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மின்ட் இன்ஸ்டாலர் முதலில் விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை, சுருக்கி இடம் ஒதுக்கும், பிறகு கோப்புகளை நகலெடுக்கும், கடைசியில்தான் கணினியைத் தொடங்கி வைக்கும் கிரப் என்ற பூட் லோடரை எழுதும். நகலெடுக்கும்போதே நின்றுவிட்டதால் கிரப் எழுதப்படவில்லை. விண்டோஸைத் தொடங்கி வைக்கும் பகுதியை யாரும் தொடவில்லை. டிஸ்க் செக் வரை வருகிறது என்பதே அதற்குச் சாட்சி. பார்ட்டிஷனைச் சுருக்கிய பிறகு விண்டோஸ் ஒருமுறை டிஸ்க் செக் ஓட்டுவது வழக்கமான நடைமுறைதான். அது ஓடுவதில் தவறில்லை. ஒரே இடத்தில் நிற்பதுதான் கவலை. இன்ஸ்டாலரும் நகலெடுக்கும்போது நின்றது, டிஸ்க் செக்கும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லினக்ஸ் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹார்ட் டிஸ்க், அதன் கேபிள், ராம் ஆகிய மூன்றில் ஒன்று. டிஸ்க்தான் என்றால், டிஸ்க் செக்கை ஓடவிட்டுக் காத்திருப்பது நைந்த துணியை அடித்துத் துவைப்பது போல. அதனால்தான் அணைக்கச் சொன்னேன்.

எர்னோ 5 என்பது பொதுவான பிழை. படிப்பதிலோ எழுதுவதிலோ எங்கோ தடை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. பென் டிரைவிலிருந்து படிக்க முடியாவிட்டாலும் அதே பிழைதான், டிஸ்க்கில் எழுத முடியாவிட்டாலும் அதேதான். அந்தப் பிழைச் செய்தியின் கடைசியில் கணினியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள் என்று ஒரு யோசனை இருக்கும். நம் ஊருக்கு அது பொருந்தாது என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். அறை குளிராக இருந்தாலும் பிராசஸர் மேலுள்ள ஃபேனில் தூசி அடைத்திருந்தால் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஆனாலும் மலையில் நமக்குப் பெரிய எதிரி ஈரம்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. நம் குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அலமாரியில் இருக்கும் துணியிலேயே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் கிடந்த கணினியில் ராம் ஸ்லாட்டும் கேபிள் முனைகளும் மங்கிப் போயிருக்கும். குன்னூரில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பழைய டெஸ்க்டாப்புகளில், மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்தவை என்றால் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைச் சுத்தமான ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகாமல் ஊதிவிட்டு மாட்டுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. டிஸ்க்கின் சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் புதுக் கேபிளே போட்டுவிடுங்கள், விலை அதிகமில்லை.

அடுத்து மின்ட் பென் டிரைவைச் செருகி ஆன் செய்யுங்கள். டெஸ்க்டாப் வந்ததும் ‘இன்ஸ்டால்’ படத்தைத் தொடாதீர்கள். மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, 320 ஜிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்மார்ட் டேட்டா’ பகுதிக்குப் போங்கள். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பதிவேடு அது. 5, 197, 199, 192 ஆகிய வரிசைகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. இது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். 192, மின்சாரம் திடீரென்று போய் டிஸ்க்கின் ஹெட் அவசரமாக ஒதுங்கிய தடவைகளைச் சொல்லும். யூபிஎஸ் இல்லாத மலைவீட்டு டெஸ்க்டாப்பில் இது பெரிய எண்ணாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருவதை டிஸ்க் கணக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழுது எந்தப் பக்கம் என்று இன்னும் தெளிவாகத் தெரிய, கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, முழு உரிமை தரும் ‘சூடோ’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துக் கட்டளையைக் கொடுங்கள். லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிய பதிவு வரும். பிழை வரிகளில் ‘எஸ்டிஏ’ என்று இருந்தால் வழக்கமாக ஹார்ட் டிஸ்க், ‘எஸ்டிபி’ என்றால் பென் டிரைவ். எது எது என்பதை டிஸ்க்ஸ் செயலியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ‘ஸ்குவாஷ்எஃப்எஸ் எர்ரர்’ என்று வந்தால் கோளாறு பென் டிரைவிலோ ராமிலோ. அப்போது பென் டிரைவின் பூட் மெனுவில் இருக்கும் மெமரி டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் வேண்டாம். பென் டிரைவைப் புதிதாக எழுத, பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் ஏதாவது வீட்டில் இருந்தால் போதும். எட்சர் என்ற செயலி கொண்டு எழுதினால், எழுதியதைத் தானே படித்துச் சரிபார்த்தும் தரும்.

இப்போது கணக்கு. பென் டிரைவிலிருந்தே ஓடும் அதே லைவ் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் பார்ட்டிஷன் திறந்தால், வேறு எதையும் பார்க்காமல் எக்செல் கோப்புகளையும் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். சிறிய, முக்கியமான கோப்புகள் முதலில், வீடியோக்கள் கடைசியில். 197 ஏறியிருந்து நகல் நடுவில் நிற்குமானால் கோப்பு கோப்பாக மல்லுக்கட்டாதீர்கள். டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு அச்சு அசலாக நகலெடுத்து, அந்த நகலிலிருந்து கோப்புகளைத் தேடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைப் பிறகு முயலும். பார்ட்டிஷனே தெரியாமல் போயிருந்தால் அதைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி. அதுவும் கைவிட்டால் ஃபோட்டோரெக், இது எக்செல் கோப்புகளையும் மீட்கும், ஆனால் கோப்புப் பெயர்கள் கிடைக்காது.

இதோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபாண்ட்ஸ்’ ஃபோல்டரையும் மறக்காமல் எடுங்கள். அப்பா பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘இலை எடை’, ‘முன்பணம்’ எல்லாம் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் பயந்து அழித்தே விடுகிறார்கள். எழுத்துருவை லினக்ஸில் சேர்த்ததும் எக்செல் கோப்புகளைத் திறக்கும் லிப்ரெஆபிஸில் அப்படியே படிக்கலாம். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதி 2010 என்று வருவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால். எர்ரர் 5க்கு அது காரணமில்லை. ஆனால் மாற்றாமல் விட்டால் பயாஸ் எனும் மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும், தேதி தவறாக இருப்பதால் லினக்ஸில் அப்டேட்டும் பிரவுசரில் பாதுகாப்பான தளங்களும் பிழை காட்டும். வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும்.

எல்லாம் வெளியே வந்தபின் மறுபடி நிறுவலாம். டிஸ்க் கெட்டிருந்தால் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, முழு டிஸ்க்கையும் மின்டுக்கே கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, குரோமும் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதைப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற அவசியமில்லை. 4 ஜிபி ராமுக்கு மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு வசதியாக ஓடும். டிஸ்க் நன்றாக இருந்து இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: எம்பிஆர் என்ற அந்தக் காலத்து முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. நான்கும் நிரம்பியிருந்தால் காலி இடம் இருந்தும் ‘பயன்படுத்த முடியாது’ என்றே இன்ஸ்டாலர் காட்டும்.

ஸ்மார்ட் பதிவின் அந்த நான்கு எண்களையும் இதன் கீழே எழுதுங்கள். பார்க்காமல் மேட்டுப்பாளையம் இறங்கிப் புது டிஸ்க் வாங்கிவிடாதீர்கள். 197 பூஜ்யமாகவும் 199 மட்டும் அதிகமாகவும் இருந்தால் கேபிளோடு முடிந்துவிடும்.