மண்டபத்துக்குள் நுழையாத நாற்காலி

கேள்வி: எங்கள் ஊர்ச் சேவைச் சங்கம் ஆண்டுதோறும் டிசம்பர் 3 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கு விழா எடுத்து நலத்திட்ட உதவிகள் வழங்குகிறது. இந்த முறை சக்கர நாற்காலி பெற்ற ஓர் இளைஞர் மைக்கைக் கேட்டு வாங்கி, "இந்த மண்டபத்துக்குள்ள வர என்னை நாலு பேர் தூக்கினாங்க. முதல்ல வாசல்ல ஒரு சாய்தளம் கட்டுங்க" என்று பேசிவிட்டார். வந்திருந்த பெரிய மனிதர்களின் முகம் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் உரிமை, விழிப்புணர்வு முகாம் என்று சிலர் இவர்களைக் கிளப்பிவிடுகிறார்கள். உதவி செய்கிறவர்களின் மனம் நோகாதா? அடுத்த ஆண்டு அவரை அழைக்க வேண்டாம் என்று செயற்குழுவில் பேச்சு. உங்கள் கருத்து என்ன?
- பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: சக்கர நாற்காலியை, அது நுழைய முடியாத மண்டபத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். வாங்கியவர் அதை மைக்கில் சொல்லிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். நாலு பேர் கையில் தொங்கிக்கொண்டு உள்ளே வந்தவருக்கு இதை இன்னொருவர் முகாம் போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாற்காலியைப் பற்றியும் கொஞ்சம் கேட்கிறேன். அவருடைய இடுப்பளவை யாராவது எடுத்தார்களா? கால் வைக்கும் பலகை அவர் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா? உட்காரும் இடத்தில் மெத்தை உண்டா, வெறும் ரெக்சின்தானா? முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. தோல் நைந்து புண்ணாவது அவர்களுக்கே தெரியாது. அளவு பொருந்தாத நாற்காலியில் மெத்தையும் இல்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்தால் அழுத்தப் புண் வரும். அது ஆழமாகப் போய்ச் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகு வந்து பழுது பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் நாற்காலி வழங்குவது என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி நூல் போட்டு வைத்திருக்கிறது. நம் ஊர் விழாக்களில் எல்லோருக்கும் ஒரே அளவு. முதுகில் மட்டும் கோயில் டியூப்லைட் மாதிரி 'உபயம்' என்று எழுதி சங்கத்தின் பெயர் பெரிதாக இருக்கும். உங்கள் நாற்காலியில் அப்படி எழுதவில்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, சாய்தளத்துக்கு வருவோம். அவர் உங்களிடம் சலுகை எதுவும் கேட்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் அரசுடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும் பொதுக் கட்டடம்தான். கல்யாண மண்டபமும் இதில் அடங்கும். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாரும் உள்ளே வரும்படி மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டு தவணை கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூன். தவணை 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது: அணுகல் வசதி என்பது விருப்பப்பட்டால் செய்யும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும். அந்த வழக்கை 2005-இல் தொடுத்தவர் ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர். வாசற்படி விஷயத்துக்கு ஒரு மனிதர் ஏறக்குறைய இருபது ஆண்டு நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறார். உங்கள் இளைஞர் இரண்டு நிமிடம் மைக் பிடித்ததற்கே பெரிய மனிதர்களின் முகம் சுருங்கிவிட்டது என்கிறீர்கள்.

கிளப்பிவிடுகிறார்கள் என்றீர்களே, அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அங்கே 1973-இல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு ஆண்டு இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்குள் சுமார் 150 பேர் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள். இரவில் புரட்டிப் படுக்க வைக்கவே துணை வேண்டியவர்கள் அதில் இருந்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று வெளியே இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசிச் செய்தி கொண்டுபோனார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர்கள் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் கையெழுத்துப் போட்டார். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர். தீ விபத்து நடந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொல்லி ஆசிரியர் உரிமம் தர மறுத்த நியூயார்க் நகரக் கல்வித் துறை மீது 1970-இல் வழக்குப் போட்டு, வேலையை வாங்கியவர். அவரைக் கிளப்பிவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?

இங்கேயும் அப்படித்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியைச் சேர்க்க அரசுக்கு மனம் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்த உரிமைப் போராளி ஜாவேத் அபிதியும் அவருடன் இருந்தவர்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் சேர்த்தார்கள். எண்ணிப் பார்த்தால் 2.19 கோடிப் பேர்! 2011-இல் அது 2.68 கோடி ஆனது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியதற்குப் பின்னாலும் உயர் நீதிமன்ற வழக்கும், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களும் இருக்கிறார்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர் ஆக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியதும் சங்கங்கள் பல காலமாக வைத்த கோரிக்கையால்தான். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. நியமனம் என்றால் யார் கை காட்டுகிறார்களோ அவர்தான் உறுப்பினர். கட்சிக்காரரின் உறவினர் யாராவது சான்றிதழோடு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. அப்புறம், அவர் உட்காரப் போகும் ஊராட்சி அலுவலகத்துக்கு எத்தனை படி என்றும் பார்க்க வேண்டும்.

உதவியே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி வேண்டும், செயற்கைக் கால் வேண்டும், தையல் மெஷினும் வேண்டும். என் கேள்வி ஒன்றுதான்: எது வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கடற்படைக்கு ஆள் எடுக்கும் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-இல் அவரோடு வந்து சேர்ந்த சங்கர ராமன் தசைச் சிதைவு நோய் உள்ள கணக்குத் தணிக்கையாளர். சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு பேர் முடிவெடுத்து நடத்தி வளர்த்த இடம் அது. அங்கிருந்து பணியாளர்கள் கிராமங்களுக்குப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளை வீட்டிலேயே பார்த்துப் பயிற்சி தருகிறார்கள். பெற்றோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களின் வேலை டிசம்பர் 3-க்காகக் காத்திருப்பதில்லை.

உங்கள் சங்கமும் இந்த ஆண்டே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நாலைந்து பேரோடு ஒரு நாள் சுற்றுங்கள். தாலுகா அலுவலகம், வங்கி, பேருந்து நிலையம், ரேஷன் கடை எல்லாம் போங்கள். எங்கே உள்ளே போக முடிகிறது, எங்கே தெருவில் நின்று குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கைவிரல் இல்லாதவர் ரேஷன் கடையில் ரேகை வைக்க என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பார்வையற்றவருக்கு வங்கியில் என்ன பதில் கிடைக்கிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். பட்டியலை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடலாம். பெரிய மனிதர்கள் உங்களோடு இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது.

மண்டபத்துச் சாய்தளத்துக்கும் அளவு உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி வேண்டும். பல இடங்களில் சாய்தளம் என்ற பெயரில் இருப்பது ஸ்கூட்டர் ஏற்றும் சரிவு. அதில் நாற்காலி ஏறினால் பின்னால் மல்லாந்துவிடும். கொத்தனார் கலவை போடும் முன் அந்த இளைஞரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேடைக்கும் அப்படி ஒன்று போடச் சொல்வார், முகம் சுளிக்காதீர்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் கேட்பார்.

அடுத்த ஆண்டு அவரை அழைப்பதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயனாளியாக அழைக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். செயற்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் உள்ள சந்தாவையே அவரிடமும் வாங்குங்கள். செயற்குழு மாடியில் கூடுகிறது என்றால் முதல் தீர்மானத்துக்கு விஷயம் தேட வேண்டியதில்லை.